திறந்து திறந்து பார்த்த ஃபில்டர்

16 பெப்ரவரி 2025, ஞாயிறு

நேற்று ஒரு சிறு பிழை விட்டுவிட்டேன். மச்சானின் காருடைய எயார் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன், காயவைத்தேன், திரும்பப் பூட்டினேன் என்று எழுதியிருக்கிறேன். ஸ்பொஞ்சுக்கு எண்ணெய் போட்டேன் என்று எழுதவில்லை. போட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பை நம்பி நான் இதுவரை எதையும் சரியாகச் செய்ததில்லை.

காலையில் மில்லில் லொறியிலிருந்து நெல்மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது இது மண்டைக்குள் வந்து குந்திக்கொண்டது. பின்னேரம் வரை எழும்பவேயில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், வந்த கோலத்திலேயே காரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இப்பதான் கூட்டின ஊடு. சேட்ட வெளிய உதறிட்டு வாடா" என்று ராத்தா, என் அக்கா, குசினியிலிருந்து சத்தம் போட்டாள். தினமும் சொல்வாள். தினமும் நான் ஓம் என்பேன்.

மச்சான் பாயில் படுத்திருந்தார். ராத்தாவின் கணவர் ரிஸ்கான். கலியாணம் முடித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். இருக்கிறார் என்பது பேச்சுக்கு. இரண்டு வருடம் கட்டாரில் தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி ஓட்டுவார், இரண்டு மாதம் இங்கே இருப்பார். இந்த முறை பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் இந்தக் காரையும் சுற்றிக் கொண்டுவந்தார். ரிமோட்டில் ஓடும் ஒரு முழ நீளக் கார். பற்றரியில் ஓடுவதில்லை. உண்மையான எஞ்சின், உண்மையான காபரேட்டர், நீலப் போத்தலில் வரும் தனி எரிபொருள். அவருடைய அறையில் இருந்த பிலிப்பைன்காரர் நாட்டுக்குப் போகும்போது கொடுத்தாராம். அங்கே ஒரு நாள்கூட ஓட்ட நேரம் கிடைக்கவில்லை. இங்கே வந்து ஓட்ட வேண்டும் என்று கட்டிலுக்கடியில் வைத்திருந்தார்.

"என்ன டொக்டர், நோயாளிக்கி என்னவாம்?" என்றார்.

"எண்ணெய் போட்டனா எண்டு பாக்கிறன் மச்சான்."

"நேத்து போட்டாய்தானே. நான் பாத்துக்கிட்டுத்தானே இரிந்த."

"நல்லாப் பாத்தீங்களா?"

"அரைக்கண்ணாலதான்டா பாத்த. ஒனக்கு ரெண்டு சாட்சி வேணுமெண்டா ஓட்டோ புடிச்சிப் போய்க் கூட்டிக்கிட்டு வா."

மூடியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் இருந்தது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மூடிவிட்டேன்.

எழுதிவைக்கிறேன்: எண்ணெய் இருக்கிறது. மஃரிப் தொழுகைக்கு முன் பார்த்தேன்.

நான் டவுனில் மோட்டார் சைக்கிள் திருத்தும் மாலை வகுப்புக்குப் போகிறேன். செவ்வாயும் வியாழனும். செய்த வேலையை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும் என்பது அங்கே கட்டளை. வகுப்பில் அதிகம் எழுதுகிறவன் நான். குறைவாகக் கழற்றுகிறவனும் நான்தான், மற்றவர்கள் முந்திவிடுவார்கள். அதனால்தானோ என்னவோ, மச்சான் வந்த கிழமையே "இவன் படிக்கிறான், ஃபில்டர் இவன்ட பொறுப்பு" என்று சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பொறுப்பு சிறியதல்ல. இந்தச் சின்ன எஞ்சினில் பிஸ்டனுக்கு வளையம் கிடையாது. பிஸ்டனும் அது ஓடும் சிலீவும் ஒன்றோடொன்று இறுகிப் பொருந்தியிருப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஃபில்டரைத் தாண்டி மாவு போன்ற தூசி உள்ளே போனால் அந்த இறுக்கம் தேய்ந்துவிடும். தேய்ந்தால் புதிய சிலீவ் ஏறாவூரில் இல்லை, மட்டக்களப்பில் இல்லை, கொழும்பிலும் இல்லை என்று மச்சானின் கூட்டாளி அன்ரோ விசாரித்துச் சொன்னான்.

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு, மச்சானின் காருக்கும் அன்ரோவிடம் இருக்கும் இதே மாதிரிக் காருக்கும் ரேஸ். அடுத்த நாள் இரவு மச்சானை எயார்போட்டுக்குக் கூட்டிப்போக வான் வருகிறது. வந்த முதல் கிழமைகள் கலியாண வீடுகளில் போயின. பிறகு கூரை மாற்றினோம். அதன் பிறகு இரண்டு வெள்ளியும் மழை. இந்த வெள்ளி தவறினால் இனி இரண்டு வருடம்.

17 பெப்ரவரி, திங்கள்

கிரான் பக்கத்து வயல் வட்டைகளில் அறுவடை மும்முரம். லொறி ஒன்று வெளியே போகுமுன் அடுத்தது வாசலில் நிற்கிறது. நான் தராசடியில் நின்று எழுதுகிறவன்தான், சுமப்பவனல்ல. ஆனாலும் பின்னேரமானால் கால் என்னுடையதாக இருப்பதில்லை. அரிசி தீட்டும் மெஷின் தராசுக்கு நேர் பின்னால் இருக்கிறது. அந்த இரைச்சல் வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

வந்ததும் ஃபில்டரைத் திறந்தேன். எண்ணெய் இருப்பது நேற்றே தெரியும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று நேற்றுப் பார்க்கவில்லை. ஸ்பொஞ்சை வெளியே எடுத்துப் பிழிந்து பார்த்தேன். ஒரு ஓரம் கொஞ்சம் வெளிறியிருந்தது போலப் பட்டது. இரண்டு சொட்டு விட்டுப் பிசைந்தேன். பிறகு முழுவதும் ஒரே நிறமானது. மூடினேன்.

மச்சான் பின்னேரங்களில் ஒழுங்கையில் காரைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பார். இன்றும் ஓட்டினார். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு றமீஸா மாமி கதவைச் சாத்துவாள். பிறகு யன்னலால் பார்ப்பாள்.

ஓட்டி முடித்து வந்து படுத்துக்கொண்டார். பகலெல்லாம் படுக்கிறார். கட்டாரில் விடிய மூன்று மணிக்கு பவுசரை எடுப்பவர். இரண்டு வருடத்துத் தூக்கத்தை இரண்டு மாதத்தில் தூங்க முடியாது என்று ராத்தாவிடம் சொன்னாராம். அதற்கு அவள், "நான் மட்டும் இஞ்ச தூங்கிக்கிட்டா இரிக்கன்?" என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. கோபமில்லை. பேசுவதற்கும் தெம்பு வேண்டும்.

அன்ரோவின் அழைப்பு வந்தது. டவுனில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறான். மச்சானோடு ஒன்றாகக் கட்டாருக்குப் போய், ஒரு வருடத்தில் போதும் என்று திரும்பிவந்தவன். மச்சானை 'ஐசே' என்றுதான் கூப்பிடுவான். மச்சான் போனை வயிற்றில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன ஐசே, உசிரோட இருக்கிறீரா? வெள்ளிக்கிழமைக்கு வேற சாட்டு ஒண்டும் தேடேல்லயா?"

"மழதான் சாட்டு. நான் இல்ல."

"இந்த வெள்ளி வெயிலாம், ரேடியோவில சொன்னவன். நான் புது டயர் போட்டிட்டன். நீர் தோத்துப்போய் பிளேனுக்க இருந்து அழப்போறீர், பக்கத்து சீட்டுக்காரனுக்குச் சொல்லிவையும்."

"ஒன்ட கார் நாலு சுத்துக்கு ஒருக்கா இருமுது. அத முதல்ல ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போ."

"எனக்கு டொக்டர் இல்ல. உமக்குத்தானே வீட்டோட ஒரு டொக்டர்."

என்னைத்தான் சொன்னான். மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். படுத்தபடியேதான். ஆனால் முகம் கொஞ்சம் எழும்பியிருந்தது. வந்த நாளிலிருந்து அந்த முகம் அப்படி எழும்புவது இந்தக் காரின் பேச்சு வரும்போது மட்டும்தான்.

18 பெப்ரவரி, செவ்வாய்

மில்லிலிருந்து நேரே பஸ் ஏறி வகுப்புக்குப் போனேன். பஸ்ஸில் நின்றபடி தூங்கினேன்.

இன்று மோட்டார் சைக்கிளின் எயார் ஃபில்டர்தான் பாடம். எண்ணெய் குறைந்தால் தூசி போகும், கூடினால் காற்றுப் போகாது, எஞ்சின் மூச்சு முட்டும் என்று படிப்பிக்கும் சேர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் நேற்று விட்ட இரண்டு சொட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எண்ணெய் கூடிப்போச்சா எண்டு எப்பிடித் தெரியும் சேர்?"

"பிழிஞ்சா ஒழுகும்."

"ஒழுகாட்டி?"

"ஒழுகாட்டி விடும். விட்டா ஓடும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

19 பெப்ரவரி, புதன்

காலையில் மில்லுக்கு உடுத்திய பிறகு பத்து நிமிடம் மிச்சமிருந்தது. காரை எடுத்து ஃபில்டரைத் திறந்து ஸ்பொஞ்சைப் பிழிந்தேன். ஒழுகவில்லை. மூடினேன். மனது லேசாக இருந்தது. அந்த லேசு பகல் சாப்பாடு வரை நீடித்தது.

பின்னேரம் வந்தபோது மச்சான் வாசற்படியில் குந்தியிருந்தார். கார் அவர் காலடியில்.

"றுஸ்தி, இது சரியில்லடா."

"என்ன?"

"கயித்த இழுத்த முதல் இழுவையிலேயே பத்தினது. மறுகா சூடாகினோடன நிண்டுபோச்சு. இழுத்து இழுத்துக் கை விட்டுப்போச்சு, பத்தல. இவ்வளவு நேரம் ஆறவிட்டுப் பாத்தா பத்துது."

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, அடியில் தெரியும் சக்கரத்தை விரலால் மெல்லத் திருப்பினேன். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மச்சான் வந்த கிழமையில் என் விரலால் அதைத் தாண்ட முடியவில்லை. இன்று தாண்டியது. கொஞ்சம் தயங்கியது, பிறகு வழிவிட்டது. எண்ணெய் பூசிய கதவுப் பிணைச்சல் போல.

உள்ளே தூசி போயிருக்கிறது.

காரணம் தெரிய வேண்டும் என்று வீட்டுக்குள் போய்க் கதவோரம் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஸ்பொஞ்சில் கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடித்தேன். இல்லை. காபரேட்டரோடு சேரும் இறப்பர்க் கழுத்து வெடித்திருக்கிறதா? இல்லை. கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டி தளர்ந்திருக்கிறதா? இல்லை. பிறகு வெள்ளைத் துணியின் முனையை முறுக்கிக் காபரேட்டரின் வாய்க்குள் விட்டுத் துடைத்து எடுத்தேன்.

நாங்கள் ஓட்டுவது சிவப்புக் கிறவல் மண் கொட்டிய இடங்களில்தான். ஒழுங்கையும் கிறவல், ஆற்றங்கரை வெளியும் கிறவல். ஃபில்டரின் வெளிப்புறம் முழுவதும் சிவப்புத் தூசி அப்பியிருந்தது. ஆகவே துணியிலும் சிவப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வெளிர் மஞ்சளாக, எண்ணெயில் குழைந்த மாவு மாதிரி ஒன்று வந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ராத்தா தும்புத்தடியோடு வந்து நின்றாள்.

"இஞ்ச பாரு. நீ இரிந்த இடத்தப் பாரு."

பார்த்தேன். சிவப்பு சீமெந்துத் தரையில் என்னைச் சுற்றி வெளிர் மஞ்சளாக ஒரு வட்டம். சேர்ட்டிலிருந்து, தலையிலிருந்து, காதுமடலிலிருந்து உதிர்ந்தது.

"எத்தின தரம் சொல்லிட்டன், உதறிட்டு வாண்டு. மில்ல ஊட்டுக்குத் தூக்கிக்கிட்டு வாற மாதிரி இரிக்கி. என்ன முழிக்கிறாய்? எழும்பு, கூட்டப்போறன்."

துணியை மூக்கருகில் பிடித்தேன். எரிபொருள் மணத்துக்குக் கீழே, சந்தேகமே இல்லை, தவிட்டு மணம்.

ஃபில்டர் ஒரு நாளும் பிழை விடவில்லை. வெளியிலிருந்து வந்த எல்லாவற்றையும் அது பிடித்துத்தான் வைத்திருந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நான் அதைத் திறந்தபோதுதான், திறந்த வாய்க்கு மேலே குனிந்தபோதுதான், உள்ளே போயிருக்கிறது. அரிசி தீட்டும் மெஷினுக்கு முன்னால் நாள் முழுவதும் நின்ற உடம்போடு. மச்சான் வந்ததிலிருந்து எத்தனை தடவை திறந்திருப்பேன்? அதிகம் பார்க்காதவர்களின் எஞ்சின்கள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன.

மச்சான் வெளியிலிருந்து கேட்டார். "என்னடா கண்டுபுடிச்சயா?"

"பாக்கிறன் மச்சான்" என்றேன்.

அதை மட்டும்தான் சொன்னேன்.

20 பெப்ரவரி, வியாழன்

சுபஹு தொழுதுவிட்டு வந்த மச்சான் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். மில்லுக்குப் போகுமுன் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இன்று பகலும் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஓட்டுவார். மிஞ்சியிருக்கும் இறுக்கமும் போய்விடும்.

சொன்னேன். தவிடு, சேர்ட், குனிந்து பார்த்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வாயில் நுரையோடு கேட்டுக்கொண்டிருந்தார். வாய் கொப்பளித்தார். வாளியில் தண்ணீர் முடிந்தது. இன்னொரு வாளி அள்ளினார்.

"ஒவ்வொரு நாளுமா திறந்த?"

"கிட்டத்தட்ட."

"என்னத்துக்குடா?"

"சரியா இரிக்கா எண்டு பாக்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருந்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"கோவப்படவும் ஏலாம இரிக்கிடா" என்றார். "ராவெல்லாம் ஒன்ட ராத்தா பெட்டி அடுக்கினா. அடுக்கி, எடுத்து, மறுபடியும் அடுக்கி. நீங்க அக்காவும் தம்பியும் ஒரே வார்ப்பு."

பிறகு கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த பிலிப்பைன்காரன் குடுக்கக்குள்ள சொன்னான், இத ஒருக்காச்சும் ஒழுங்கா ஓட விடு, கட்டிலுக்குக் கீழ வச்சிராதயெண்டு. அவனும் ஒழுங்கா ஓட்டல்ல. நானும் ஒழுங்கா ஓட்டல்ல. சரி. அன்ரோக்கு கோல் எடுத்துச் சொல்லிருவம்."

"வேணாம் மச்சான்."

என் வாயால்தான் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். சொன்ன பிறகுதான் யோசித்தேன். யோசித்ததை மெல்ல மெல்லச் சொன்னேன். எஞ்சின் சூட்டில்தான் பற்றவில்லை. சூடேறினால் சிலீவ் விரிகிறது, தேய்ந்த பிஸ்டனுக்கு இடம் கூடிவிடுகிறது. ஆறினால் கொஞ்சம் இறுக்கம் திரும்புகிறது. ஆகவே ஆறிய எஞ்சின் ஒரு தடவை பற்றும். பற்றியதை நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு டேங்க் ஓடலாம். நடுவில் நின்றால் அவ்வளவுதான்.

"ஓடலாமா, ஓடுமா?"

"ஓடலாம்" என்றேன். "ஓடும் எண்டு எனக்குச் சொல்லத் தெரியா."

அவர் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு.

"அப்ப நாளைக்கி வரைக்கும் ஒருத்தரும் தொடுற இல்ல. நானும் இல்ல. நீ பக்கத்திலயும் போகாத."

காரைக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேல், பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் துவாயால் மூடினார். ராத்தா, அது யாருடைய மையித்து, எப்போது அடக்கம் என்று கேட்டாள்.

மாலை வகுப்பில் என்ன படித்தோம் என்று தெரியவில்லை. எழுதவில்லை. முதல் தடவை.

வீட்டுக்கு வந்து, உள்ளே நுழையாமல் நேரே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். ராத்தா தரையைப் பார்த்துவிட்டுச் சோறு போட்டாள். சாப்பிடும்போது அலுமாரிக்கு நேரே முகம் இருந்தது. நேற்றுத் துணியால் துடைத்த பிறகு இறப்பர்க் கழுத்தைச் சரியாக அமுக்கினேனா? பட்டியை இழுத்துக் கட்டினேனா? கட்டினேன். எழுதியிருக்கிறேனா? இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பி இருந்து சாப்பிட்டேன்.

21 பெப்ரவரி, வெள்ளி

ரேடியோ சொன்னபடி வெயில். மில்லுக்கு லீவு. ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு கொஞ்சம் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

அசர் முடிந்து ஆற்றங்கரை வெளிக்குப் போனோம். நாங்கள் ஆறென்று சொல்லும் வாவியின் ஓரத்தை நிரப்பிக் கிறவல் கொட்டிவிட்டு, என்ன கட்டுவதென்று தெரியாமல் விட்டுவிட்ட இடம் அது. மழைக்காலத்துத் தண்ணீர் இன்னும் ஓரத்தில் தேங்கி நின்றது. பழைய லொறி டயர்களை இரண்டு முனையிலும் போட்டிருந்தோம். அதைச் சுற்றித்தான் ஓட வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு ஒன்று. மச்சான் காரைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார், நான் பின்னால் எரிபொருள் போத்தலோடு.

அன்ரோ முன்பே வந்து தன் காரை இரைய விட்டுக்கொண்டிருந்தான். மூன்று டேங்க், நடுவில் நிறுத்தி நிரப்பலாம், கடைசிச் சுற்றில் முதலில் கோட்டைத் தாண்டியவர் வென்றவர் என்பதுதான் அவர்கள் இருவரும் வைத்திருந்த சட்டம்.

"ஒரு டேங்க்தான்" என்றார் மச்சான். "முதல்ல இரைய விட்டுச் சூடு காட்டுறதும் இல்ல. இழுத்தோடன போறது."

"ஏன் ஐசே, மூண்டு டேங்க்குக்கு நெஞ்சுத் துணிவு காணாதா?"

"எஞ்சினுக்குக் காணாது."

"என்ன நடந்தது?"

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. "வயசு போச்சு" என்றார்.

"எனக்கு விளங்குது. டொக்டர் ஒப்பரேஷன் செய்திருக்கிறார்." அன்ரோ என் முகத்தைப் பார்த்தான். மேலே கேலி செய்ய வாயெடுத்து, செய்யாமல் விட்டான். "சரி, ஒரு டேங்க். தோத்தா நாளைக்கு வான் வாறதுக்கு முதல் எனக்குக் கொத்துரொட்டி வாங்கித் தரவேணும்."

டேங்கை நிரப்பினேன். மூடியைத் துடைத்தேன். என் கை தானாக ஃபில்டருக்குப் போனது. கட்டியிருக்கிறதா என்று மட்டும் வெளியில் தொட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

"றுஸ்தி" என்றார் மச்சான்.

கையை எடுத்தேன்.

இரண்டு இழுவையில் பற்றியது. கீச்சென்று ஒரு சத்தம், நீலப் புகை, பிறகு காதைத் துளைக்கும் இரைச்சல். அன்ரோ விசில் அடித்தான். இரண்டு காரும் போயின.

முதல் சுற்றுகளில் மச்சான்தான் முன்னால். முனையில் டயரை உரசுமளவுக்கு உள்ளே எடுத்துத் திருப்பினார், அன்ரோவின் கார் அகலமாகப் போய்க் கிறவலை வாரி இறைத்தது. "டேய் டேய்" என்று அன்ரோ தன் காருக்கே சத்தம் போட்டான். மச்சானின் இரண்டு கையும் ரிமோட்டில், கால் அகட்டி வைத்து, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இந்த மனுசர் இந்த இரண்டு மாதத்தில் இவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்று நான் பார்க்கவில்லை. நான் காரைப் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பிசிறு வரும்வரை நல்லது.

அரை டேங்க் போயிருக்கும்போது பிசிறு வந்தது. உயர்ந்த சத்தம் மெல்லத் தொய்ந்தது, பிறகு சமாளித்துக்கொண்டது.

"மச்சான், முழுசா அமுக்காதீங்க. சூடாகுது."

"தெரியும்."

விரலைத் தளர்த்தினார். அன்ரோ முந்தினான். அடுத்த திருப்பத்தில் மச்சான் உள்ளே புகுந்து திரும்ப முந்தினார். மறுபடியும் அன்ரோ. இப்படியே மாறி மாறிப் போனது. தண்ணீரோரம் குந்தியிருந்த கொக்கொன்று ஒவ்வொரு முறையும் எழும்பத் தயாராகி, எழும்பாமல் விட்டது.

டேங்க் முடியும் கடைசிச் சுற்றில், தூரத்து டயரைச் சுற்றி வரும்போது மச்சானின் கார் இருமியது. சத்தம் நின்றது. உருண்டு வந்து, கோட்டுக்கு நாலைந்து ஆள் நீளம் இருக்கும்போது நின்றுவிட்டது. புகைகூட வரவில்லை.

அன்ரோவின் கார் கோட்டைத் தாண்டியிருக்கலாம். தாண்டவில்லை. வேகத்தைக் குறைத்து, ஒரு வட்டம் போட்டு, மச்சானின் காருக்குப் பின்னால் வந்து முட்டியது. முட்டித் தள்ளியது. வலது பக்கம் சாய்ந்தபோது பின்வாங்கி, இடது பக்கம் வந்து நிமிர்த்தியது. இரைந்து இரைந்து, இறந்துபோன காரை அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டியது.

"முன்னால ஆர் வந்தது?" என்றான் அன்ரோ. "நீர்தான் ஐசே. உம்மட மூக்குத்தான் முதல்ல கோட்டில."

"போடா, விசரா."

"அப்பிடியே கட்டார் மட்டும் தள்ளி விடவா?"

மச்சான் சிரித்தார். இந்த முறை சத்தமாக, தோள் குலுங்க. சிரித்துக்கொண்டே போய்க் காருக்குப் பக்கத்தில் குந்தினார். குந்திய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கயிற்றை ஒரு தடவை இழுத்தார். பற்றவில்லை. இரண்டாம் தடவை இழுக்கவில்லை. கையால் அதன் முதுகிலிருந்த சிவப்புத் தூசியைத் துடைத்தார்.

"நல்லா ஓடினது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பள்ளிவாசலில் மஃரிபுக்கு வாங்கு சொல்லி அழைக்கும்போது வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இந்த முறை காரை என்னிடம் தந்திருந்தார். இன்னும் சூடு ஆறவில்லை, சேர்ட்டுக்கு மேலால் நெஞ்சில் சுட்டது.

"தோஹாவில சிலீவ் தேடிப் பாக்கிறன்" என்றார். "கிடைச்சா ஆரும் வரக்குள்ள குடுத்தனுப்புறன். நீ பூட்டு."

"நானா?"

"வேற ஆரு? நீதானே படிக்கிற."

"நான் பிழையாப் பூட்டினா?"

"பூட்டிட்டு, திறக்காத. அவ்வளவுதான்." சற்றுத் தூரம் நடந்த பிறகு சொன்னார்: "றுஸ்தி, ஒன்னில பிழையில்ல எண்டு நான் சொல்ல மாட்டன். திறக்காம இருந்திருந்தா மூண்டு டேங்க் ஓடியிருக்கும். ஆனா இண்டைக்கி ஓடினது நீ சொன்னதாலதான். ரெண்டையும் வச்சிக்க."

அதை இங்கே எழுதிவைக்கிறேன். இரண்டையும்.

வீட்டில் ராத்தா பெட்டியைத் திரும்பவும் திறந்து வைத்திருந்தாள். மச்சான் பார்த்துவிட்டுப் பக்கத்தில் குந்தி மடித்துக் கொடுக்கத் தொடங்கினார்.

நாளை: மில்லிலிருந்து வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு குளிக்க வேண்டும். சுத்தமான சேர்ட் போட வேண்டும். அதன் பிறகுதான் காரைத் தொட வேண்டும். யன்னலைச் சாத்தி, ஃபில்டரைக் கழற்றி, காபரேட்டரின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும். ஸ்பொஞ்சை மண்ணெண்ணெயிலும் பிறகு சவர்க்காரத் தண்ணீரிலும் கழுவி, வீட்டுக்குள்ளேயே காயவிட்டு, எண்ணெய் போட்டு, சிலீவ் வரும்வரைக்கும் பூட்டிவைக்க வேண்டும். எண்ணெய் போட்டதை எழுத வேண்டும். வான் இரவு, இஷா தொழுகைக்குப் பிறகு வரும். அதற்கு முன் மச்சானின் பெட்டிக்குக் கயிறு கட்ட வேண்டும்.